கோல்கீப்பர் சுகுமாறனின் முட்டி

கிள்ளான் துறைமுகம் பக்கத்துப் பண்டமாரானுக்குப் போய் சுகுமாறன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘கிழிஞ்ச பூட்ஸ்’ படத்தில் கோல் கம்பத்தில் மோதி விழுவாரே, அந்த ஆள் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். மளிகைக் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, ஒரு தடவை விழுவது போலச் செய்து காட்டிவிட்டு, அப்புறம்தான் வழி சொல்வார். நாற்பதைத் தாண்டிய மனிதர். பிள்ளை பெற்று வளர்த்தவர், பக்கத்து வீட்டில் சாவு என்றால் முதல் ஆளாக நாற்காலி தூக்கிக்கொண்டு போய் நிற்பவர். அவருக்கு ஊரில் மிஞ்சிய அடையாளம் அந்த அரை நிமிடம்தான். தலையெழுத்து என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நம் மலேசியப் படம்தான், நம் பையன்கள் எடுத்தது. கிள்ளானில் ஒருவரும் கேள்விப்படாத ஒரு தனியார் கல்லூரி. அதற்கு ஒரு கால்பந்துக் குழு. பதினோரு பேரில் பாதிப் பேர் பந்தைக் காலால் தொட்டதே இல்லை. பயிற்சியாளர் கணக்கியல் விரிவுரையாளர்; ஆஃப்சைடு என்றால் என்ன என்பதைப் பலகையில் பற்று, வரவு என்று கோடு போட்டு விளக்குவார். ஆட்டத்துக்குப் போகிற வண்டி ஒரு பாலர் பள்ளி வேன், உள்ளே பூராவும் முயல் படம். எதிரணி வழி தவறிப் போய் வராமல் இருந்த ஒரு நாள் இவர்கள் ஜெயித்ததாக அறிவித்துவிட, அதற்கே பட்டாசு கொளுத்திக் கொண்டாடுவார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அந்தக் குழுவின் கோல்கீப்பர்தான் நம் சுகுமாறன். கல்லூரி மாணவனாக நடித்தபோது அவருக்கு வயது முப்பது. மீசையை எடுத்தும் முகம் ஒத்துழைக்கவில்லை.

வந்த புதிதில் அந்தப் படத்தை ஈ, காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது. போன வருடம் யாரோ ஒரு புண்ணியவான் அதை இணையத்தில் ஏற்ற, யாரோ ஒரு வேலையற்றவன் அதிலிருந்து சுகுமாறன் விழுகிற இடத்தை மட்டும் வெட்டி டிக்டாக்கில் போட, தீ மாதிரிப் பரவிவிட்டது. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் இதைத் தலையில் வைத்து ஆடுகிறார்கள். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால், அப்போது நாங்கள் ஆரம்பப் பள்ளியில் இருந்தோம் என்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

சுகுமாறன் இப்போது போர்ட் கிள்ளானில் ஒரு கன்டெய்னர் டெப்போவில் வேலை செய்கிறார். வாசலில் லோரி வந்து நிற்கும். இவர் நாற்காலியிலிருந்து எழுந்து, கன்டெய்னரை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே ஓட்டை, கதவில் சீல் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து பார்த்தால் தெரியும். இடது முட்டிக்குள் யாரோ மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கும் அவருக்கு. வீடு திரும்பினால் மனைவி மாதவி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்திருப்பாள்.

லோரிக்காரர்கள் சும்மா விடுவார்களா?

“அண்ணே, ஒரு தடவ விழுங்கண்ணே. வீடியோ எடுத்து பிள்ளைங்களுக்குக் காட்டணும்.”

“பின்னாடி லைன் நிக்குது பாஸ்.”

“ஒரே தடவ லா. லேசா விழுந்தா போதும்.”

“கேட் தொறந்தாச்சு. போங்க.”

அவர் கோபப்படுவதில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டுமல்லவா? வெயிலில் நின்று நின்று அந்தத் தெம்பு எல்லாம் வற்றிப் போயிருந்தது. அடுத்த லோரி வரும், அதை ஓட்டி வந்தவரும் அதே கேள்வியைத் தான்தான் முதலில் கண்டுபிடித்தது போலக் கேட்பார். சுகுமாறனும் அதே பதிலைச் சொல்வார்.

ஒரு காலத்தில் இவரே லோரி ஓட்டியவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். மகன் அதே துறைமுகத்திலிருந்து கன்டெய்னரை இழுத்துக்கொண்டு தெற்கே ஜொகூர் வரைக்கும் போய் வந்தார். வாரம் முழுக்க லோரி, ஞாயிற்றுக்கிழமை பந்து. துறைமுகத் தொழிலாளர் குழு ஒன்றில் கோல்கீப்பர். விளையாட்டு இல்லை, நிஜமாகவே நல்ல கீப்பர். பந்து எந்தப் பக்கம் வரும் என்பது உதைக்கிறவனுக்குத் தெரிவதற்கு முன்னால் இவர் கைக்குத் தெரிந்துவிடும். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்து நின்றாலும், அந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில் மட்டும் அவருக்கு அலுப்பே தெரியாது. வேறெங்கும் அப்படி இருந்ததில்லை என்று மாதவியிடம் சொல்வார்.

சபாபதி அவருடன் ஒரே தமிழ்ப் பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தவர். சபாபதிக்கு வாய், சுகுமாறனுக்குக் கை. கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த சபாபதிக்குத் திடீரென்று படம் எடுக்கிற கிறுக்குப் பிடித்தது. ஊரில் ஒருவர் விடாமல் பிடித்து நடிக்க வைத்தார். சுகுமாறனையும் தேடி வந்தார்.

“எல்லாரும் நடிக்கத் தெரிஞ்சவன்டா. பந்து பிடிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனாச்சும் வேணாமா? கடைசி சீன்ல நீ பெனால்டிய பிடிக்கிற, நம்ம காலேஜ் ஜெயிக்குது, படம் முடியுது. உன்ன விட்டா வேற ஆளு இல்ல.”

இப்படிச் சொன்னால் எந்தக் கீப்பர்தான் மாட்டேன் என்பான்? விடுமுறை எல்லாவற்றையும் அதற்கே கொடுத்தார் சுகுமாறன்.

வம்பு வந்தது வேறொரு காட்சியில். கடைசிக் காட்சியில் ஜெயிக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் தோற்க வேண்டுமே. ஒரு சாதாரண பந்து வரும், கீப்பர் அதற்கு எதிர்ப்பக்கம் பாய்ந்து ஏமாற வேண்டும். எழுதியது இவ்வளவுதான். ஆனால் சுகுமாறனால் முடியவில்லை. பந்து வந்தால் கை தானாகப் போய்ப் பிடித்துவிடும். திரும்ப எடுத்தார்கள், பிடித்தார். இன்னொரு தடவை எடுத்தார்கள், அதையும் பிடித்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். சபாபதி தலையில் அடித்துக்கொண்டார்.

“டேய், விடுடா. விடறது அவ்வளவு கஷ்டமா?”

கஷ்டம்தான். வருடக்கணக்கில் பழகிய உடம்பை ஏமாற்றுவது என்ன லேசுப்பட்ட காரியமா? அதற்குள் மழை வேறு தூறித் திடல் சேறாகியிருந்தது. கடைசியில் சுகுமாறன் இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பந்து வராத பக்கமாகப் பாய்ந்தார். அப்படிப் பாய்ந்து பழக்கமே இல்லை. கம்பத்தில் போய் மோதினார். கால் ஒரு பக்கம் மாட்டி, உடம்பு ஒரு பக்கம் திரும்பியது. எழுந்தார். இடது கால் துணி மாதிரி மடங்கியது. மறுபடி விழுந்தார். எதிர்க் கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து அவர் முதுகில் ஏறி, ஆர அமர உருண்டு கோலுக்குள் போனது.

திடலே சிரித்தது. படக்கருவி ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் சுகுமாறனும் சிரிக்கத்தான் செய்தார். அப்புறம்தான் அவரால் எழுந்திருக்க முடியவில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது.

முட்டியில் தசைநார் அறுந்துவிட்டது என்றார் மருத்துவர். அறுவை செய்தார்கள். மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தார். இடது கால்தான் லோரியில் கிளட்ச் மிதிக்கிற கால். லோரி போனது. பந்தும் போனது. சபாபதி ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். படத்தைப் பாதியில் நிறுத்த முடியாது என்றார். கீப்பர் இல்லாததால் கடைசிக் காட்சியை மாற்றினார். பயிற்சியாளரான கணக்கு வாத்தியாரே முழுக்காற்சட்டையும் டையுமாகக் கோலில் நிற்பார். குழு படு கேவலமாகத் தோற்கும். ஆனால் முதன்முறையாக ஒருவரும் பாதி ஆட்டத்தில் ஓடிப்போகவில்லை என்று பதினோரு பேரும் சேற்றில் கட்டிப்பிடித்துக் குதிப்பார்கள். படம் அதோடு முடிந்தது.

படத்தை வெளியிட்டார்கள். எப்போது தெரியுமா? தைப்பூசத்தன்று. சபாபதியின் மூளைக்கு அன்றைக்கு என்ன ஆனதோ. லீவு நாள், நம் சனம் எல்லாம் சும்மா இருக்கும், குடும்பத்தோடு வந்து பார்க்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நம் சனம் அன்றைக்கு எங்கே இருக்கும் என்று தமிழ்ப் பள்ளியில் படித்தவனுக்குத் தெரிய வேண்டாமா? ஊரே பத்துமலை முருகன் கோயிலில் இருந்தது. அதில் வேடிக்கை, சுகுமாறனும் அங்கேதான் இருந்தார். நடக்க முடிந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டிருந்தார். மாதவி முழங்கையைத் தாங்கிப் பிடிக்க, ஒவ்வொரு படியாக ஏறும்போது, பக்கத்தில் காவடியோடு ஏறியவரைப் பார்த்தால் அவர் படத்தில் கணக்கு வாத்தியாராக நடித்தவர்.

“நீங்க படத்துக்குப் போகலியா சுகு?”

“நீங்க போகலியாண்ணே?”

இருவரும் மேலே ஏறினார்கள். அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒரு பெரிய நடிகரின் படம் வந்து இறங்கியது. ‘கிழிஞ்ச பூட்ஸ்’ சுவரொட்டிமேலேயே அந்தச் சுவரொட்டியை ஒட்டினார்கள்.

சபாபதிக்கு யார்மேலாவது பழி போட வேண்டியிருந்தது. தைப்பூசத்தின்மேல் போட்டால் அது தன்மேல் போட்டுக்கொள்வது. அதனால் முடிவு சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். ஜெயித்திருந்தால் படம் ஓடியிருக்கும், அவன் கால் நன்றாக இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள், எல்லாம் அந்தச் சுகுவால் வந்தது என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னார். ஒரு கல்யாணத்தில் பந்தியில் வைத்து நேராகவே சொல்லிவிட்டார்.

“உன் ஒரு முட்டியால என் வாழ்க்கை போச்சுடா.”

சுகுமாறன் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? எழுந்து நின்று, “மன்னிச்சுக்கடா” என்றார். ஊன்றுகோலோடு நின்று மன்னிப்புக் கேட்டார் மனிதர். அன்றோடு பேச்சு நின்றது. வீட்டுக்கு வந்ததும் மாதவி பத்ரகாளியாகிவிட்டாள்.

“போனது உங்க காலு. மன்னிப்பும் நீங்கதான் கேக்கணுமா?”

“அவன் வேணும்னு செய்யலமா. தூரமா கேமரா பக்கத்துல நின்னான். அவனுக்கு எப்படித் தெரியும்?”

அதைத்தான் அவர் வருடக்கணக்கில் தனக்கும் சொல்லிக்கொண்டார். நண்பனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உடனே நிறுத்தியிருப்பான். இந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் பழியையும் சுமந்தார். சும்மா சொல்லக்கூடாது, ஒரு கட்டத்தில் படம் போனதற்குத் தன் முட்டிதான் காரணம் என்று அவரே நம்பியும் விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஜீவன் என்ற பையன் போன் செய்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சினிமா பார்க்கிற இளைஞர் கூட்டம் ஒன்று நடத்துகிறானாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ‘கிழிஞ்ச பூட்ஸ்’ போடப் போகிறார்களாம். டைரக்டர் வருகிறார், அண்ணனும் மேடைக்கு வர வேண்டும் என்றான். சுகுமாறன் ஷிப்டை மாற்றிக்கொண்டார்.

“எதுக்குப் போறீங்க? அங்கயும் போய் விழுந்து காட்டறதுக்கா?” என்றாள் மாதவி.

“இல்லமா. இப்ப எல்லாரும் படத்த நல்லாருக்குன்னு சொல்றாங்க. அவன் மனசும் மாறியிருக்கும். எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்த சொல்லுவான். சுகு மேல தப்பில்லன்னு. எனக்கு அது போதும்.”

“சொல்லலேன்னா?”

“சொல்லுவான்.”

அவளும் கூடவே கிளம்பினாள். அவரைத் தனியே விட மனம் வரவில்லை. கொமுட்டர் ரயிலில் போய் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் நடந்தார்கள். கண் தெரியாதவர்களுக்காகப் பதித்த மஞ்சள் மேட்டுக்கல் பாதை நெடுக இருந்தது. அதில் கால் படும்போதெல்லாம் சுகுமாறன் பல்லைக் கடித்துக்கொண்டார். பூமாலைக் கடைகளைத் தாண்டி ஒரு மாடி ஏற வேண்டியிருந்தது. மின்தூக்கி பழுது. வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

மண்டபம் நிரம்பி வழிந்தது. பிள்ளைகள் வசனத்தைப் பாத்திரங்களுக்கு முன்னாலேயே சொன்னார்கள். பற்று வரவுக் காட்சிக்கு ஒருவன் நாற்காலிமேல் ஏறிவிட்டான். சுகுமாறன் விழுந்தபோது விசில் காதைப் பிளந்தது. ஒன்ஸ்மோர் என்று கத்தினார்கள். ஜீவனும் பின்னுக்கு ஓட்டி இன்னொரு தடவை போட்டான். இருட்டில், தான் இரண்டு தடவை விழுவதைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார் சுகுமாறன். திரையில் இருந்தவன் இளைஞன். எழுந்து நிற்க முடியும் என்று நினைத்து எழுகிறான். அந்த நினைப்பு முகத்தில் தெரிந்தது. மாதவி திரையைப் பார்க்காமல் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் காட்சி முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பக்கத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேடையில் இரண்டு நாற்காலி. சபாபதி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். தலை பூராவும் நரைத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. மடிப்புக் கலையாத புதுச் சட்டை. சுகுமாறன் ஏறி வந்தபோது, “வாடா” என்று மட்டும் சொன்னார், முகத்தைப் பார்க்கவில்லை. இவ்வளவு வருடம் கழித்து அந்த ஒரு ‘வாடா’வுக்கே சுகுமாறன் தன் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

முதலில் ஒரு பையன் கேட்டான், இவ்வளவு நல்ல படம் அப்போது ஏன் ஓடவில்லை என்று.

சபாபதி சிரித்தார். “தைப்பூசத்தன்னிக்கு படத்த விட்டேன் லா. ஊரே பத்துமலையில. தியேட்டர்ல நானும் டிக்கெட் கிழிக்கிறவரும்தான் இருந்தோம். ஒலகத்துலயே இப்படி ஒரு முட்டாள் இருக்க மாட்டான்.”

மண்டபம் குலுங்கியது. சுகுமாறன் சிரிக்கவில்லை. தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே சபாபதிக்கு அது தெரிந்திருக்கிறது. தான் கேட்க வந்த வார்த்தை வந்தேவிட்டது, ஆனால் ஒரு நகைச்சுவைத் துணுக்காக, யாருக்கோ சொன்ன பதிலாக வந்துவிட்டது. அடுத்த வாக்கியம் தன்னைப் பற்றி இருக்கும் என்று காத்திருந்தார். சபாபதி தண்ணீர் குடித்தார்.

அடுத்து, கண்ணைத் துடைத்த அந்தப் பெண் எழுந்தாள். “சார், இந்த மாதிரி படத்துல கடைசில ஜெயிப்பாங்க. நீங்க மட்டும் தோக்க விட்டீங்க. எனக்கு அதான் ரொம்பப் பிடிச்சது. எப்படி சார் தைரியம் வந்துச்சு?”

சபாபதி ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தார். சுகுமாறன் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அது ஆரம்பத்துலருந்தே நான் எழுதுனதுதான்மா. நம்ம ஆளுங்க கதையில ஜெயிச்சுட்டாங்கன்னு முடிச்சா அது பொய். தோத்தாலும் கூட நிக்கறாங்க பாருங்க, அதான் நெசம்.”

கைதட்டல் ஓய வெகு நேரமானது. படம் தோற்றபோது முடிவு சுகுமாறனுடையது. படம் ஜெயித்ததும் முடிவு சபாபதியுடையது. எவ்வளவு சுலபமாகக் கை மாறிவிட்டது பாருங்கள். எனக்கே அந்த ஒலிவாங்கியைப் பிடுங்கலாம் போல இருக்கிறது.

அந்தப் பெண் உட்காரவில்லை. சுகுமாறன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, அந்த விழற சீன் நடிப்பா, இல்ல நெசமாவே விழுந்துட்டீங்களா? அவ்ளோ ரியலா இருக்கு.”

சபாபதியின் தலை மெல்லத் திரும்பியது. அன்றைக்கு முதல் தடவையாக அவர் சுகுமாறனைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்தது கெஞ்சல்கூட இல்லை, அப்பட்டமான பயம். மூன்றாவது வரிசையில் மாதவி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். சொல்லுங்க, என்று அவள் உதடு அசைந்தது. சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அதோடு தீர்ந்திருக்கும்.

“நடிப்புதாம்மா,” என்றார் சுகுமாறன். “டைரக்டர் எப்படி விழணும்னு சொல்லிக் குடுத்தாரு. அதே மாதிரி விழுந்தேன்.”

பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். சபாபதி குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு படம் பிடிக்க ஆளாளுக்கு வந்தார்கள். அந்த நெரிசலில் சபாபதி எப்போது இறங்கிப் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

ரயில் நிலையம் வரும்வரை மாதவி அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். நடைமேடை இருக்கையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

“கெட்டது வந்தப்ப உங்களோடது. நல்லது வந்தப்ப அவரோடது. கடைசில விழுந்ததயும் தூக்கி அவருக்கே குடுத்துட்டீங்க. உங்களுக்குன்னு என்னதாங்க மிச்சம்?”

சுகுமாறன் காலை நீட்டி முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

“அவன் மூஞ்சியப் பாத்தியா மாதவி? நான் சொல்லிடுவேன்னு பயந்து போய்ட்டான். அவன்கிட்ட அது ஒண்ணுதான்மா இருக்கு. புதுச்சட்ட போட்டுட்டு வந்துருக்கான். அத நான் எப்படி எடுக்கறது?”

“அப்ப நீங்க?”

“எனக்கு அலுப்பா இருக்கு. வீட்டுக்குப் போவோம்.”

அவளுக்கு அழுகை வந்தது. அவர்மேல் வந்த கோபமா, சபாபதிமேல் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் அவர் போன் அடித்தது. தெரியாத எண்.

எடுத்தார். சாலை இரைச்சல் கேட்டது. அப்புறம் சபாபதியின் குரல் வந்தது.

“முட்டி எப்படிடா இருக்கு?”

ஆஸ்பத்திரியில்கூட அவர் அதைக் கேட்டதில்லை. சுகுமாறனுக்குப் பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“வலிக்குதுடா. தெனமும் வலிக்குது.”

சபாபதி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அன்னிக்கு சவுண்ட் பாக்கற ஆளு வரல. ஹெட்போன் என் காதுலதான்டா இருந்துச்சு. உன் முட்டி போன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பட்டுனு கேட்டுச்சு. ஆனா எல்லாரும் சிரிச்சுட்டு இருந்தாங்க. சீன் நல்லா வந்துட்டு இருந்துச்சு. நான் கட் சொல்லல சுகு. தெரிஞ்சேதான் சொல்லல.”

சுகுமாறன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். நண்பனுக்குத் தெரியாது என்ற அந்த ஒரு நினைப்பில்தான் அவர் இத்தனை வருடம் எழுந்து வேலைக்குப் போய் வந்திருக்கிறார். அதுவும் இனி இல்லை. முட்டி போன அன்றுகூட இப்படி வலித்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. சபாபதி அழுகிறாரா, சாலைச் சத்தமா என்று புரியவில்லை.

“ரயில் வருதுடா. வைக்கிறேன்,” என்றார். ரயில் இன்னும் வரவில்லை.

மாதவி திரும்பிப் பார்த்தாள். “யாருங்க?”

“சபாபதி.”

“இப்ப என்னவாம்?”

சுகுமாறன் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

“முட்டி எப்படி இருக்குன்னு கேக்கறான்.”

மாதவியின் முகம் கொஞ்சம் இளகியது. “இத்தன வருஷம் கழிச்சாவது கேக்கத் தோணுச்சே,” என்றாள். “போகட்டும். அவரும் மனுஷன்தானே.”

“ஆமா,” என்றார் சுகுமாறன்.